இரண்டு நாள் விடுப்பு

பீடோரில் பசியாறியபோதே மழை.
"சகதியா இருக்கும்டி" என்றாள் லோகேஸ்வரி,
ஆசையோடு.

செம்பனை வரிசைக்குள் சைக்கிளை ஏற்றினோம்.
இருப்பதிலேயே சின்ன கியர்.
கால் சுற்றச் சுற்ற
மலை அங்கேயே நின்றது.
குலை ஏற்றிய லோரிக்காரர்
தலையை வெளியே நீட்டி
"இதுக்கு எவ்வளவு கொடுக்கிறாங்க?" என்றார்.
பதில் சொல்ல மூச்சில்லை.

உச்சியில் ஆளுக்குப் பாதி நாசி லெமாக்.
ஒன்றரை மணி நேரம் சேர்த்த உயரத்தை
ஆறே நிமிடத்தில் செலவழித்தோம்.
பிரேக்கிலிருந்து விரலை எடுத்த அந்த வளைவில்
லோகா கத்தியது
பயமா சிரிப்பா, அவளுக்கே தெரியாது.
எஸ்டேட் மாடுகள் விலகவேயில்லை.

திங்கட்கிழமை.
கையுறைத் தொழிற்சாலை, பதினான்காம் வரிசை.
சூப்பர்வைசர் என் முழங்கையைப் பார்த்து
"விழுந்தியா?" என்கிறார்.
இறங்கினேன் என்கிறேன்.