அழுக்கு வண்டிக்கு அபராதம்

கப்பல் ஐந்து மணிக்குக் கிளம்பிவிடும்.
அதற்குள் ஒரு தலைநகரைக் காட்டி முடிக்கவேண்டும்.
முடியும். பழைய மஸ்கட் அவ்வளவுதான்:
இரண்டு கோட்டை, ஒரு குடா,
எலும்பு துருத்தி நிற்கும் மலைகள்.

மைக்கில் சொல்வேன்:
ஐம்பது அறுபது வருடம் முன்பு வரை
பொழுது சாய்ந்து மூன்று மணி நேரத்தில்
பீரங்கி முழங்கும், நகரக் கதவைச் சாத்திவிடுவார்கள்.
அதன்பிறகு தெருவில் நடப்பவன் கையில்
அரிக்கேன் விளக்கு இருந்தாகவேண்டும். சட்டம்.
எல்லாரும் 'ஓ' என்பார்கள்.
அந்த 'ஓ'வுக்குத்தான் சம்பளம்.

கட்டடம் என்றால் இங்கே வெள்ளை, இல்லையேல் மணல் நிறம்,
அதையும் சொல்வேன்.
என் அறைக்காரன் பனிமயராஜ் பெயிண்டர் என்று சொல்லமாட்டேன்.
அவனுடைய ஷேடு அட்டையில்
வெள்ளைக்கு மட்டும் பதினோரு பெயர் இருப்பதையும்,
குரும் பக்கம் ஒரு மொட்டைமாடியில்
தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்
வெள்ளைமேல் வெள்ளையாக
'டெல்பின்' என்று மகள் பெயரை எழுதிவைத்திருப்பதையும்.
பிளம்பர் பார்க்கலாம்,
அதுவும் வெயில் சாய்ந்து விழுந்தால்.

இன்றைக்கு வந்தவர்களில் ஒருத்தி 'ஓ' சொல்லவில்லை.
பைனாகுலர் வைத்திருந்தாள்.
துறைமுகப் பாறைகளில் பழைய மாலுமிகள்
எழுதிவிட்டுப் போன கப்பல் பெயர்கள் உண்டே,
அதில் அப்பாவின் கப்பலைத் தேடினாள்.
பெரிய எழுத்து, தப்பாமல் தெரியும் என்று
கடிதம் போட்டிருந்தாராம்.

பத்து நிமிடம் என்றேன். நாற்பது ஆனது.
பாறை பாதி பாதியாகத்தான் பேசியது:
ஒரு 'எஸ்', ஏதோ ஒரு வருடத்தின் வால்,
மிச்சத்தை வெயில் நக்கியிருந்தது.
வேனுக்குள் ஏசியைக் கூட்டச் சொன்னார்கள்.
மத்ரா சந்தையின் சாம்பிராணிக்கு நேரமாகிறது என்றார்கள்.
அவள் பைனாகுலரை என்னிடம் நீட்டினாள்.

தெரிகிறது என்று சொல்லியிருக்கலாம்.
பதினாறு வருட டிரைவர், நம்பியிருப்பாள்.
'இல்லைங்க' என்றேன், தமிழிலேயே வந்துவிட்டது.
அவளுக்குப் புரிந்தது.

அழுக்கு வண்டிக்கு இந்த ஊரில் அபராதம் என்பதும்
என்னுடைய தகவல்களில் ஒன்று. அதற்குச் சிரிப்பார்கள்.
காலையில் கழுவியதுதான்; மதியக் காற்று
பின்கண்ணாடியில் மறுபடி மாவு சலித்திருந்தது.
துறைமுகத்தில் இறங்கியவள்
அதில் விரலால் எழுதினாள், எட்டு எழுத்து.
பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

ரூவி வரும்வரை கூடவே வந்தது.
திரும்பிப் பார்த்தால் இடம் வலமாகக் குழம்பிக் கிடக்கும்;
முன்னாலிருக்கும் சின்னக் கண்ணாடியில்
நேராக, ஒரு எழுத்தும் பிசகாமல்,
பின்னால் வரும் லாரிகள்மேல் மிதந்துகொண்டு.

வாளியோடு இறங்கி வந்த பனிமயராஜ்
கொஞ்சநேரம் பார்த்தான்.
'கை நடுங்கல' என்றான், பெயிண்டர் அல்லவா.
மூன்று பக்கம் கழுவினான்.
நாளைக்கு வெள்ளிக்கிழமை,
போலீஸ் கண்டுக்காது என்றான்.
அது தகவல் இல்லை.
மைக்கில் சொல்லமுடியாது.