பூஜ்யம் என்றால் வெற்றி

கெர்னலிடம் சொல்லாமல்
கார்டோடு நேரே பேசுகிறவர்கள் நாங்கள்.
கடுபீசனஹள்ளி, நான்காம் மாடி,
ஏசிக்கு நேர் கீழே என் மேசை.

இங்கே இன்டரப்ட் கிடையாது.
வந்துவிட்டது என்று தோளைத் தொட்டு
யாரும் சொல்ல மாட்டார்கள்.
ஒரு சிபியு கோரை முழுசாக இதற்கே எழுதி வைத்தாயிற்று:
வந்ததா வந்ததா வந்ததா என்று
வளையத்தின் வாயையே பார்த்துக் கிடக்க.
ஒரு பாக்கெட்கூட வராத ஞாயிறு விடியலிலும்
நூறு சதவீத வேலை என்கிறது மீட்டர்.
பொய்யில்லை.
ரிங் ரோட்டில் 500டி பஸ்ஸுக்கு நிற்கிறவர்களைக் கேளுங்கள்.

ஒரே கார்டு இருந்தவரை சிரமமில்லை.
அதன் ரெஜிஸ்டர்கள் எனக்கு
வீட்டுச் சுவிட்சுகள் மாதிரி, இருட்டிலும் கை போகும்.
ஆகஸ்டில் வந்தது இன்னொன்று,
தெர்மாகோலுக்கு நடுவில், பாதி விலையில்.
அதன் மேனுவலில் பதினொரு பக்கங்களுக்கு
'ஒதுக்கப்பட்டது' என்பதைத் தவிர ஒரு வார்த்தையில்லை.

இரண்டுக்கும் பொதுவாய் ஓர் அடுக்கு போடு என்றார் ஹிரேமட்.
மேலே இருக்கிறவனுக்குக்
கீழே இருக்கிறது எதுவென்று தெரியக் கூடாது.

பதினான்கு ஃபங்ஷன்கள், ஒரே ஸ்ட்ரக்சரில்.
திற. மூடு. அனுப்பு. வாங்கு.
எவ்வளவு வந்தது, எவ்வளவு விழுந்தது.
கடைசியாக, வயர் உயிரோடு இருக்கிறதா.

பழைய கார்டு முடித்த வேலைக்கு
ஒன்று என்று குறி வைக்கும், எப்போதும்.
புதியது சுற்றுக்குச் சுற்று மாற்றும்:
இந்தச் சுற்றில் ஒன்று என்றால் முடிந்தது,
அடுத்த சுற்றில் பூஜ்யம் என்றால் முடிந்தது.
எந்தச் சுற்றில் இருக்கிறோம் என்பதை
நாம்தான் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.
ஒன்பது நாள் போயிற்று அதற்கு.
அந்த ஒன்பது நாளை மேலே யாருக்கும் தெரியாமல்
ஆறு வரியில் மூடினேன்.
கர்வமாகத்தான் இருந்தது.

பதினான்காவதுக்கு மட்டும் பதில் இல்லை.
வயரைப் பற்றிய சங்கதி
ஒதுக்கப்பட்ட பக்கங்களில் எங்கோ புதைந்திருந்தது.
வெறுமனே விட்டால் மேலே இருப்பது தடுக்கி விழும்.
எழுதினேன்: திருப்பு, பூஜ்யம்.
எங்கள் வழக்கில் பூஜ்யம் என்றால் வெற்றி,
குறையேதுமில்லை என்று அர்த்தம்.
பக்கத்தில் ஒரு கமெண்ட்: பிறகு பார்க்கலாம்.

நவம்பரில் லேபில் ருத்ரேஷ்
வேறெதற்கோ ஒரு வயரைப் பிடுங்கி,
திரும்பச் செருக மறந்து,
தங்கை கல்யாணத்துக்கு ஹாவேரி போய்விட்டான்.
மூன்று நாள்.
மேலிருந்து கேட்டார்கள், வயர் இருக்கிறதா?
என் அடுக்கு சொன்னது, பூஜ்யம்.
அனுப்பு என்றார்கள். அனுப்பியாயிற்று, பூஜ்யம்.
கார்டு வாங்கி வாங்கி இருட்டில் கொட்டிவிட்டு
சுற்று தவறாமல் குறி வைத்தது.
திரையில் எல்லாம் பச்சை.

திங்கள்கிழமை ரேக்கின் பின்னால் குனிந்தபோது
அந்த நீல வயர்
ஒரு காலி டீ கப்பின் மேல் தலையை வைத்துப் படுத்திருந்தது.

அந்த ஒரு வரியை மாற்றினேன்.
திருப்பு, மைனஸ் தொண்ணூற்றைந்து:
இந்தக் கேள்விக்கு இங்கே வழியில்லை.

மேலடுக்குக் குழுவின் மெஹ்ஜபீன், வாணியம்பாடிக்காரி,
என் மேசைக்கே வந்து கத்தினாள்.
'இப்போ நாங்க எந்தக் கார்டுன்னு யோசிக்கணும்.
அப்புறம் உன் அடுக்கு எதுக்கு?'
நியாயமான கேள்வி.
தெரியாததைத் தெரியாது என்று
உனக்கும் எனக்கும் புரிகிற ஒரே எண்ணில் சொல்லத்தான் என்றேன்.
அவள் சமாதானமாகவில்லை.
ஹிரேமட் தலையை ஆட்டினார்,
ஆமாவா இல்லையா என்று கண்டுபிடிக்க முடியாதபடி.

வெள்ளி மாலை ஹெச்ஆர் படிவம் வந்தது, வாராவாரம் வருவது.
இந்த வாரம் எப்படி இருக்கிறீர்கள், ஒன்று முதல் ஐந்து.
இரண்டு வருஷமாய்ப் படிக்காமலே நான்கு போட்டவள்.
இன்று விரல் நின்றது.
மைனஸ் அடித்துப் பார்த்தேன்,
கட்டத்தில் விழவில்லை.

அப்படியே திறந்து கிடக்கட்டும் என்று
பையை எடுத்துக்கொண்டு இறங்கினேன்.
ஸ்டாப்பில் நாற்பது பேர்
ஒரே திசையில் கழுத்தைத் திருப்பி நின்றார்கள்.
வந்ததா.