நிகழ்ச்சி நிரல்: மூன்றாவது பொருள்

முதலாவது, குப்பைத் தொட்டிகளின் நிறம்.
இரண்டாவது, ஐந்தாம் மாடிக்காரரின் நாய்.
மூன்றாவது, வெண்டல் கோஸ்கேலாவின் சம்பளம்.
நிறத்துக்கே நாற்பது நிமிடம் போயிற்று.

துணி துவைக்கும் அறையில் மடக்கு நாற்காலிகள்.
வெளியே டுலூத் நகரத்துப் பிப்ரவரி.
ஏரிப் பக்கமிருந்து காற்று வந்து
ஜன்னல் சட்டத்தை ஆட்டிப் பார்க்கிறது.
போன வாரம்தான் வெண்டல் அதற்கு ரப்பர் வைத்தார்.
ஆடவில்லை.

நான் பொருளாளர். தாள் என்னிடம் இருக்கிறது.
பத்தொன்பது வருடம். மூன்று உயர்வு.
மணிக்குப் பதினேழு டாலர் நாற்பது சென்ட்,
கூடவே அடித்தளத்தில் கொதிகலனுக்கு அடுத்த அறை.
அதைச் 'சலுகை' என்று எழுதியிருக்கிறார்
எனக்கு முன்னிருந்தவர்.
கொதிகலன் இருமும்போதெல்லாம்
எழுந்து உட்காரும் சலுகை.

ஊரில் என்ன கொடுக்கிறார்களோ அது போதும் என்றார் டெல்பர்ட்.
ஊரில் விசாரித்துவிட்டேன், இதோ என்றார் இங்க்ரிட்.
பனி தள்ள ஒரு விலை,
நாலு அங்குலம் தாண்டினால் வேறு விலை.
இரவில் கூப்பிட்டால் இரட்டிப்பு.
சாவியை உள்ளே வைத்துப் பூட்டிக்கொண்டால் நூற்று முப்பது.
மூன்று நாளாக மேபல் வீட்டுக் கதவு திறக்கவில்லையே
என்று நின்று யோசிப்பதற்கு
அந்தப் பட்டியலில் வரி இல்லை.

"அதெல்லாம் அவர் மனசாரச் செய்தது.
மனசுக்கு யார் விலை போடுவது?"

நியாயம் மாதிரிதான் இருந்தது.
மனசை ஓசியில் வாங்கிப் பழகிய வாய்க்கு
எல்லாமே நியாயம் மாதிரிதான் இருக்கும்.
என் வாயும் அதில் சேர்த்தி:
பழைய குறிப்பேட்டில்
'அடுத்த வருடம் பார்க்கலாம்' என்றிருப்பது
என் கையெழுத்து.

வெண்டலைக் கூப்பிட்டோம்.
எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?
அவர் மூன்றாம் எண் உலர்த்தியைக் காதால் கேட்டுக்கொண்டே,
"இருபத்தாறு" என்றார்.
"அறையைக் கணக்கில் சேர்க்காமல்.
ஞாயிற்றுக்கிழமை போனை அணைத்துவிடுவேன்.
இதன் பெல்ட் போகப்போகிறது."

யாரும் பேசவில்லை.
தாராளமாக இருக்கத் தயாராகி வந்திருந்தோம்.
அவரே ஓர் எண்ணோடு வருவார் என்று
யாரும் நினைக்கவில்லை.

ஆறுக்கு ஐந்து. இருபத்துநான்கு ஐம்பது.
ஞாயிறு சம்மதம்.
நானும் கை தூக்கினேன், கொஞ்சம் தாமதமாக.
ஐம்பத்திரண்டு வீடு; வகுத்துப் பார்த்தால்
வீட்டுக்கு மாதம் இருபத்துநான்கு டாலர்கூட இல்லை.
அந்த நாயின் தீனியில் பாதி.

முதல் ஞாயிறு மாலை
என் குளியலறைக் குழாய் சொட்டத் தொடங்கியது.
விரல் தானாக அவர் எண்ணுக்குப் போயிற்று.
திருப்பி எடுத்துக்கொண்டு
கீழே ஒரு பாத்திரம் வைத்தேன்.
தூக்கம் வரவில்லை, எண்ணினேன்.
தொள்ளாயிரத்து எண்பத்தெட்டில் நிறுத்தினேன்.
பத்தொன்பது வருடத்தில்
அத்தனை ஞாயிறு.