எளிதான பாதை

நுழைவாயில் பலகை சொன்னது:
ஒன்றரை கிலோமீட்டர். எளிது. குழந்தைகளோடு போகலாம்.
முதல் நூறடிக்கே எங்களுக்கு அரைமணி நேரம்.

நடைபலகை இடுக்கில் தள்ளுவண்டிச் சக்கரம் சிக்க,
பிரெகாசன் குனிந்து மல்லுக்கட்டுகிறான்.
கிருபாளினி குப்புறப் படுத்து
இடுக்கு வழியே சேற்றைப் பார்க்கிறாள்.
ஒற்றைக் கை பெருத்த நண்டு
வா என்கிறதா, போ என்கிறதா,
தெரியவில்லை. இவளும் கையசைக்கிறாள்.

அலையாத்திகளுக்கு அப்பால் நெடுஞ்சாலை இரைகிறது.
ஞாயிறு. டர்பனே கடற்கரைக்குக் கறி சுடப் போகிறது.
இங்கே கணுக்காலளவு தண்ணீர்,
அதன் ஓரத்தில் நடந்து போகும் ஒரு மீன்.
"அம்மா, இதுக்கு நீந்தத் தெரியாதா?"
எனக்கும்தான் தெரியாது என்றேன்.

பிறகு மேலே பார்த்தாள்.
கிளைகளில் சிப்ஸ் பொட்டலங்கள், கிழிந்த தார்ப்பாய்,
ஒற்றைச் செருப்பு.
"யாரு மாட்டினது?"
"ஆறு."
"ஆறு அவ்வளவு உசரமா?"
"அப்பாவைவிட."

அந்த ஏப்ரலில் இவள் என் வயிற்றுக்குள் இருந்தாள்.

பிரெகாசன் நிமிர்ந்து கையைத் தூக்கிப் பார்த்தான்.
எட்டவில்லை.

மீதித் தூரம் முழுக்க
பலகையின் நடுவிலேயே நடந்தாள்,
செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு,
தூங்குகிற ஒருவரைத் தாண்டிப் போகிறவள்போல.