நல்லெண்ண அடிப்படையில்

பெற்றோல் வரிசை ஆஸ்பத்திரி வீதி தாண்டி
பின்னும் வளைந்த வருஷம்
சைக்கிள் வாங்கத்தான் அந்த அட்டை.
கழுத்துப்பட்டி கட்டின கீர்த்திகன்
எங்கள் சங்கத்துக்கே வந்து
பருப்பு மூட்டைக்கு மேலே படிவத்தை விரித்தான்.
"வருஷக் கட்டணம் இல்லை அக்கா,
வாழ்நாள் முழுக்க."
ஆருடைய வாழ்நாள் என்று நான் கேட்கவில்லை.

நாற்பத்தெட்டாயிரம்.
மூன்று மாதத்தில் கட்டி முடித்து
அட்டையைத் துணி வெட்டுகிற கத்தரியால்
நாலாய் வெட்டினேன்.
ஒரு துண்டு தெறித்துக்
கட்டிலுக்கு அடியில் போனது. தேடவில்லை.
அங்கே கிடந்துதான் அது
குட்டி போட்டிருக்க வேண்டும்.

இரண்டு வருஷம் கழித்து
கொக்குவில் பழைய விலாசத்தில் அலைந்து
அரியாலைக்கு வந்து சேர்ந்தது கடிதம்.
வருடாந்தக் கட்டணம்,
அதைக் கட்டாததற்குத் தாமதக் கட்டணம்,
தாமதத்துக்கு வட்டி,
வட்டி வளர்ந்ததற்கு வட்டி,
எல்லாவற்றுக்கும் மேலே இருபத்தைந்து ரூபா முத்திரை வரி.
ஆக இருபத்தோராயிரத்து அறுநூற்றுப் பதினெட்டு.

பதினாறு வருஷமாய்ப் பேரேடு எழுதுகிறவள் நான்.
மண்ணெண்ணெய் அரைப்போத்தல் குறைந்தாலும்
கணக்கு என்னிடம் வந்துதான் அழும்.
கொப்பியை எடுத்துக் கூட்டிப் பார்த்தேன்.
சதம் பிசகாமல் சரி.
முதல் வரி மட்டும் பொய்.

தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது.
அழுத்தினேன். புல்லாங்குழல் வந்தது.
பதினேழு நிமிஷத்தில் போனில் காசு முடிந்தது.
ரீலோட் போட்டுத் திரும்ப எடுத்தால்
புல்லாங்குழல் முதலிலிருந்து.

கடைசியில் ரிஸ்மியா என்று ஒருத்தி.
"சிஸ்டத்தில அப்படித்தான் மேடம் காட்டுது."
"பிள்ளை, சிஸ்டத்துக்கு ஆர் சொன்னது?"
"சிஸ்டத்தில அப்படித்தான் மேடம்."
"கீர்த்திகன் எண்டு ஒரு தம்பி…"
"அவர் இப்ப வேலையில இல்ல மேடம்."
"வாழ்நாள் எண்டவர்."
அவள் பேசவில்லை.
ஒலிப்பதிவாகிற லைனில்
ஒரு மூச்சை மட்டும் வெளியே விட்டாள்.
பிறகு, மெதுவாய்:
"எழுதிக் கேளுங்க மேடம். வாயால கேட்டா நிக்காது."

எழுதினேன். நாலு பதிவுத் தபால்.
நடுவில் ஒருவன் சங்கத்துப் போனுக்கே எடுத்து
தலைவர் காதில் விழும்படி
என்னைக் கடன்காரி என்றான்.
கிளை முகாமையாளர் பாதியைக் குறைக்கலாம் என்றார்.
பொய்யில் எந்தப் பாதி என்று கேட்டேன்.
மின்விசிறியைக் கூட்டி விட்டார்.

வைகாசியில் வந்தது பதில்:
நல்லெண்ண அடிப்படையில்
முழுத்தொகையும் தள்ளுபடி செய்யப்படுகிறது.

நல்லெண்ணம்.
என் பேரேட்டில் பிழை விட்டால்
சிவப்பு மையில் ஒற்றைக் கோடு.
கோட்டுக்கு அடியில் பிழை தெரியவேண்டும்.
பக்கத்தில் சின்னக் கையொப்பம்.
நல்லெண்ணத்துக்கு எங்களிடம் நிரல் இல்லை.

ஐந்தாம் கடிதம் எழுதினேன்:
தள்ளுபடி வேண்டாம்,
பிழை என்று ஒரு சொல் எழுதித் தரவும்.

"உமக்கென்ன விசரோ" என்றார்
பக்கத்து மேசைச் சற்குணநாதன்.
"காசு வந்திட்டுதெல்லே."
காசு வரவில்லை. போகாமல் நின்றது.

அந்தச் சொல் இன்னும் வரவில்லை.
கணக்குக் கூற்று மட்டும் மாதம் தவறாமல் வருகிறது.
கூற்று என்றால் எமனும்தான்;
வங்கித் தமிழ் எழுதினவருக்குத்
தெரிந்துதான் இருக்கும்.
செலுத்தவேண்டிய தொகை பூச்சியம்,
கடைசித் திகதி பதினாலு.

பதினாலாம் திகதி
கண்டி வீதி எதிர்காற்றில்
சைக்கிளை மிதித்து வேலைக்குப் போனேன்,
வந்தேன், சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன்.
இன்றைக்குப் பதினைந்து.
பூச்சியம்
ஒரு நாள் பிந்திவிட்டது.