நாற்பத்தேழு சதுர மீட்டர்

வங்கி அனுப்பிய கடிதத்தில்
எங்களுக்கு எவ்வளவு கடன் தரலாம் என்று
ஓர் எண் இருந்தது.
பூவேந்திரன் அதை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினான்,
பள்ளிக்கூடத்துப் பரிசுச் சான்றிதழ் போல.
இருபது வருஷம்
மாதாமாதம் ஒன்றாம் தேதி
எங்களைத் தின்னப்போகிற எண்.
அன்றைக்கு மட்டும்
பாராட்டு மாதிரி இருந்தது.

வெருலத்தில் ஒரு வீடு.
மூன்று படுக்கையறை, இரண்டு கார் கராஜ்,
தானே திறக்கும் கேட்.
ஏஜென்ட் லொரெய்ன் ஒவ்வோர் அறையிலும்
யாரையாவது குடிவைத்தாள்:
இது பையனுக்கு,
இது அடுத்து வரப்போகிற பாப்பாவுக்கு,
இது மாமியார் வந்தால்.
மாமியார் ஏற்கெனவே வந்திருந்தார்.
குளியலறைக் குழாயைத்
திறந்து மூடிக்கொண்டிருந்தார்.

நான் சமையலறையில் நின்று
பழைய சம்பளச் சீட்டின் பின்பக்கம்
கூட்டிப் பார்த்தேன்.
தவணை. முனிசிபல் வரி. செக்யூரிட்டி கம்பெனி.
டர்பன் போய்வர இருவருக்கும் பெட்ரோல்.
கணக்கு சரியாகத்தான் வந்தது.
மிச்சம் இருந்தது
ஒரு பாக்கெட் பாலுக்கும்,
யாருக்கும் காய்ச்சல் வராது என்கிற
நம்பிக்கைக்கும்.

"பிடிக்கலையா?" என்றான் காரில்.
"ரொம்பப் பிடிச்சிருக்கு" என்றேன்.
கரும்பு வயல் முடியும்வரை
அப்புறம் யாரும் பேசவில்லை.

ஓவர்போர்ட் ஃபிளாட்டை
மழையில் பார்த்தோம்.
மூன்றாம் மாடி. லிஃப்ட் நாளை ஓடும் என்று
கதவில் ஒட்டியிருந்த காகிதம்
மஞ்சளாகியிருந்தது.
படுக்கையறை ஒன்று.
ஸ்டடி என்று லொரெய்ன் சொன்னது
ஜன்னல் வைத்த அலமாரி.

என்னிடம் ஒரு சணல் கயிறு,
அளவுக்கு முடிச்சுப் போட்டது.
முதல் முடிச்சு கட்டில்.
இரண்டாவது ஃபிரிட்ஜ்.
மூன்றாவது, மாமியார் தருவதாகச் சொன்ன
எட்டுப் பேர் உட்காரும் மேசை.
கட்டில் நுழைந்தது.
ஃபிரிட்ஜ் நுழைந்தது, கதவு மட்டும்
முக்கால்தான் திறக்கும்.
மேசையின் முடிச்சு சுவரைத் தாண்டி
அடுத்த வீட்டு ஹாலுக்குப் போனது.

மாமியார் கயிற்றைப் பார்த்தார்,
என்னைப் பார்த்தார்.
"எட்டுப் பேர் வந்தா?"
"ரெண்டு பந்தி போடலாம், மா."
சிரித்தாரா என்று தெரியவில்லை.
திரும்பிக் குழாயைத் திறந்தார்.
தண்ணீர் அவர் புடவையெல்லாம் தெறித்தது.

ஆஸ்பத்திரி லேப் இங்கிருந்து
பதினோரு நிமிஷ நடை.
இரவு ஷிஃப்ட் முடிந்து
சூரியன் கடலை விட்டு ஒரு சாண் எழுவதற்குள்
செருப்பைக் கழற்றலாம்.
இதற்கு எந்தப் பத்திரத்திலும்
விலை போடவில்லை.

வக்கீல் ஆபீசில்
பதினேழு இடத்தில் கையெழுத்து.
பன்னிரண்டாவதில் என் பெயர்
எனக்கே யாருடையதோ போல் தெரிந்தது.

குடிவந்த மூன்றாம் வாரம் சண்டை.
எதற்கென்று நினைவில்லை.
இருக்கிறது, சொல்ல மாட்டேன்.
கோபித்துக்கொண்டு போக அறை இல்லை.
படுக்கையறையில் நான்.
ஹாலில் அவன் மூச்சு விடுவது
என் காதுக்குள் கேட்டது.
ஸ்டடியில் இஸ்திரிப் பலகை நின்றுகொண்டிருந்தது.
சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினான்.
ஜன்னலில் எட்டிப் பார்த்தேன்:
பதினான்காம் நம்பர் பார்க்கிங்,
காருக்குள் விளக்கு,
ரேடியோவில் கிரிக்கெட்,
ஸ்டியரிங் மேல் இரண்டு கை,
எங்கேயோ ஓட்டிப் போகிறவன் போல.

முக்கால் மணி நேரம் கழித்து மெசேஜ்:
"பேட்டரி போயிடும். மேலே வரட்டா?"

பத்திரத்தில் அந்த இடத்துக்கும் அளவு உண்டு,
பன்னிரண்டரை.
அதையும் சேர்த்தால் எங்களுக்கு
அறுபதுக்கு அரை குறைவு.

வங்கிக் கடிதம் இன்னும் ஃபிரிட்ஜில்தான்.
கதவு திறக்கும்போதெல்லாம்
சுவரில் உரசி, ஒரு மூலை கிழிந்துவிட்டது.
நாங்கள் வாங்காத அந்த எண்ணின் மேலேயே
கடைச் சாமான் எழுதுகிறேன்:
தனியா, உப்பு,
ஹாலுக்கு ஒரு பல்பு,
சின்னது போதும்.