சாயத்துக்கு முன்

கருவிழியிலிருந்து சுரண்டினால்
இவ்வளவுதான் வரும்:
குழாயின் அடியில்
உப்புக்கல் கரைந்த மாதிரி ஒரு கலங்கல்.

சீட்டில் இருந்தது:
பேயத்தேவன், நாற்பத்தொன்று, வலது கண்.
தொழில் சுமை. கீழமாசி வீதி.
ஓரத்தில் டாக்டரின் கோழிக்கிறுக்கலில் "ஹெர்ப்பிஸ்?"
அந்தக் கேள்விக்குறிக்குத்தான்
எனக்குச் சம்பளம்.

மேலே, இருட்டறையில், நீல வெளிச்சத்தில்
அவர் பார்த்திருப்பார்:
பச்சையாய்ச் சுடர்விடும் புண்.
சீமைக்கருவேலங் குச்சியாய்க் கிளைத்து
நுனிக்கு நுனி குமிழ் வைத்திருந்தால்
இங்கே அனுப்பியிருக்கமாட்டார்.
மிளகாய்த் தூள் எரிச்சல் என்று
மெடிக்கல் கடையில் வாங்கி ஆறு நாள் விட்ட சொட்டுமருந்து
கிளைகளையெல்லாம் ஒன்றாக்கிப்
பொட்டல் ஆக்கியிருந்தது.

ஜீம்சா ஊற்றிய ஸ்லைடில்
பல உட்கரு சேர்ந்த ராட்சதச் செல்
ஒன்றாவது தட்டுப்படுமா என்று
தோட்டுத் திருகாணியைத் தொலைத்தவள்போல
நெடுக்கும் குறுக்கும் தேடினேன்.
இல்லை.
லென்சுக்குக் கீழே
'இல்லை'க்கு அத்தனை மதிப்பில்லை.

பி.சி.ஆர். ஓடி முடிந்தபோது மணி நாலே முக்கால்.
பாசிட்டிவ் கன்ட்ரோல் ஏறியது.
வெறுந்தண்ணீர் தண்ணீராகவே கிடந்தது.
பேயத்தேவனின் கோடு தரையோடு தரை.
"நெகட்டிவ்னு அடிச்சிரவாக்கா?" என்றாள் ஷெரின்.
அடித்திருப்பாள்,
அவன் குழாய்க்குள்ளேயே நாங்கள் போட்டுவைத்த சாட்சி,
எப்படியும் ஏறியே தீர வேண்டிய கோடு,
அதுவும் படுத்துக் கிடந்ததை
நான் பார்க்காமல் விட்டிருந்தால்.

சாட்சி மயங்கிக் கிடக்கும்போது
விடுதலை என்று எப்படி எழுத?

மேலே போன் போட்டேன்.
"சார், சுரண்டுறதுக்கு முன்னாடியே சாயம் விட்டீங்களா?"
கொஞ்ச நேரம் ஃபேன் சத்தம்.
"விட்டுட்டேன்மா. பாக்கணும்ல."

மனிதக் கண்ணுக்குக் காட்டிக்கொடுத்த சாயம்
மெஷினின் கண்ணைக் கட்டிவிட்டிருந்தது.

மறுநாள் காலை, லோடு இறக்கிய கையோடு வந்தான்.
சட்டைத் தோளில் சிவப்புத் தூள்.
ஐஸ் பெட்டியோடு நானே மேலே போனேன்.
சீட்டுகளைத் தவிர
ஆட்களை நான் பார்ப்பது அபூர்வம்.
டாக்டர் பஞ்சின் நுனியால் தொட்டார்.
இடது கண் வெடுக்கென்று மூடியது.
வலது கண்
யார் வீட்டு விஷயமோ என்று சும்மா இருந்தது.
பிறகு மரத்துப்போகும் மருந்து. பிறகு பிளேடு.
குழாயை மூடி நான் தலையாட்டிய பிறகுதான்
சாயப் பட்டையைப் பிரித்தார்.

இருபத்தொன்பதாவது சுழற்சியில்
கோடு அசைந்தது,
குனிந்தவன் மூட்டையைத் தோளுக்கு வாங்குவதுபோல
முதலில் கொஞ்சம் திணறி,
அப்புறம் ஒரே எழும்பு.
சாட்சியும் எழுந்து நின்றது.
ஷெரின் அடித்தாள். நான் கையெழுத்திட்டேன்.

ரிப்போர்ட்டை வாங்கியவன்
தலைகீழாய்ப் பிடித்து, திருப்பி,
"அப்ப மிளகா இல்லையா?" என்றான்.
இல்லை. ஒரு வைரஸ்.
ரொம்ப நாளாய் உள்ளே படுத்திருந்தது.

முகம் சுருங்கிவிட்டது.
மூட்டைக்கு மூணு ரூபாய் கூடக் கேட்டு
முதலாளியிடம் சண்டை போட்டு வாங்கியிருக்கிறான்,
கண்ணைக் காட்டி.
"இத அவருகிட்டச் சொல்லணுமாக்கா?"

அதற்கு ஒரு டெஸ்ட் இருந்தால்
நான் ஓட்டியிருக்கமாட்டேன்.